மட்டனை பிரியாணில ஆரம்பிக்காதீங்க

சிக்கன் சாப்பிடுறவ மட்டன் மட்டும் சாப்பிட மாட்டேன்னு சொன்னா யாருக்கும் புரியறதில்ல. முழுசா சைவம்னா விட்டுடுவாங்க, சரி அது அவங்க வீட்டு வழக்கம்னு ஒரு மரியாதை கூட கிடைக்கும். ஆனா பந்தில உக்காந்து சிக்கன் 65 வாங்கிக்கிட்டு, மட்டன் சுக்கா வர்றப்போ மட்டும் இலைய கையால மறைச்சா பக்கத்து இலைக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க. "கோழி மட்டும் என்ன செடிலயா காய்க்குது?"ன்னு ஒரு மாமா கேட்டே கேட்டுட்டாரு. பதில் சொல்ல முடியல, சிரிச்சு மழுப்பிட்டேன்.

நியாயம்னு பாத்தா ஒண்ணும் கிடையாதுங்க. எங்களுக்கு தஞ்சாவூர் பக்கம், வீட்டுக்குள்ள முட்டை கூட வராது. ஹாஸ்டல்ல ரூம்மேட் தட்டுலருந்து ஆம்லெட் ஒரு ஓரம், அப்புறம் முட்டை புரோட்டா, அப்புறம் ஒரு பர்த்டே ட்ரீட்ல சிக்கன்னு மெல்ல மெல்ல வந்து சேந்த ஆளு நான். சிக்கன் ஈஸியா போச்சு, ஏன்னா எலும்பெல்லாம் எடுத்து செவசெவன்னு பொரிச்சு வச்சா அது கோழின்னே ஞாபகம் வராது. ஆடு அப்படி இல்ல. எங்க தெருவுல ஆடு இருந்துச்சு, பக்கத்து வீட்டுப் பாட்டி வளத்தது, பழத்தோல், வடிச்ச கஞ்சி எல்லாம் நாங்கதான் கொண்டு போய் குடுப்போம், குட்டி போட்டா ஸ்கூல் விட்டு வந்ததும் அத தூக்கி வச்சுக்கறதுதான் வேலை. அதுக்கு ஒரு முகம் உண்டு, கோழிக்கும் இருக்குதான், ஆனா நான் கோழி முகத்த உத்துப் பாத்ததில்ல. அது போக அந்த வாடை. மார்க்கெட்டுக்குப் பின்னாடி கறிக்கடை சந்துல நுழைஞ்சுதான் டியூஷன் போகணும், துப்பட்டாவ மூக்குல அமுக்கிக்கிட்டு ஓடுவேன். இந்த ரெண்டும் சேந்துதான் மட்டன்னா வேணாம்னு உள்ளுக்குள்ள உக்காந்துக்கிச்சு, அதுக்கு மேல தத்துவம்லாம் ஒண்ணும் இல்ல.

அப்புறம் வேலை கிடைச்சது மதுரைல. மட்டன் சாப்பிடாதவங்களுக்கு மதுரைய விட கஷ்டமான ஊர் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. புரோட்டாவுக்கு சால்னா ஊத்தினா அதுல எலும்பு மிதக்கும், தோசை கேட்டா கறி தோசையான்னு திருப்பிக் கேப்பாங்க (கோனார் மெஸ் கறி தோசை சாப்பிடாதவங்களுக்காக சொல்றேன், தோசை மேல முட்டை ஊத்தி அதுக்கு மேல கொத்துக்கறிய பரப்பி திருப்பிப் போடுவாங்க, ஒரு விரல் கனத்துக்கு வரும், ஒண்ணு சாப்பிட்டா அன்னிக்கு வேற எதுவும் உள்ள போகாது). காலைலயே இட்லிக்கு குடல் குழம்பு, சாயங்காலம் ஆனா தள்ளுவண்டில ஆட்டுக்கால் சூப் கொதிக்கும். ஆபீஸ்ல எல்லாரும் ஞாயித்துக்கிழமை என்ன சாப்பிட்டோம்னு திங்கக்கிழமை மதியம் வரைக்கும் பேசுவாங்க, சுவரொட்டி (அதாவது மண்ணீரல்), ஈரல், நல்லி எலும்புன்னு. நான் பேசாம தயிர் சாதம் பிசைஞ்சுட்டு இருப்பேன்.

என் கூட வேலை பாக்குற ஒரு அக்காவுக்கு சொந்த ஊர் வடக்கம்பட்டி, திருமங்கலம் பக்கத்துல. ஊர் பேர கேள்விப்படாதவங்களுக்குக் கூட ஊர் சாமிய தெரிஞ்சிருக்கும். தமிழ்நாடு முழுக்க, தாண்டி ஆந்திரா, கர்நாடகா, கேரளா வரைக்கும் மதுரை முனியாண்டி விலாஸ்னு போர்டு வச்ச ஹோட்டல் பாத்திருப்பீங்கல்ல, அந்த முனியாண்டி இந்த ஊர் முனியாண்டிதான். எல்லாம் ஒரே முதலாளியோட கிளை கிடையாது, ஊர்க்காரங்களும் சொந்தக்காரங்களும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் அங்கங்க ஆரம்பிச்ச கடைங்க, பொதுவா இருக்கறது சாமி பேர் மட்டும்தான். தினமும் முதல் வியாபாரம் ஆகுற காச சாமிக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டு, தை மாசம் திருவிழாவுக்கு அத கொண்டு வந்து குடுப்பாங்களாம். நாயுடு வீட்டுக்காரங்க தைல நடத்துவாங்க, ரெட்டியார் வீட்டுக்காரங்க மாசில தனியா நடத்துவாங்க. எண்பது வருஷத்துக்கும் மேல ஆச்சு இந்த வழக்கம் ஆரம்பிச்சு. பிரசாதம் என்ன தெரியுமா, மட்டன் பிரியாணி.

அக்கா கூப்பிட்டப்பவே சொல்லிட்டேன், நான் வேடிக்கை பாக்க மட்டும்தான் வருவேன்னு. "வா வா, யாரும் உன் வாயில திணிக்க மாட்டாங்க"ன்னாங்க.

வெள்ளிக்கிழமை பால்குடம், பூத்தட்டு ஊர்வலம், மேளம், வெடின்னு ஊரே ஒரே சத்தம், எந்தெந்த ஊர்லயோ ஹோட்டல் வச்சிருக்கவங்க குடும்பத்தோட வந்து இறங்குறாங்க, ஒருத்தர் நெல்லூர் கதை சொல்றார் இன்னொருத்தர் பெங்களூர்ல கறி விலை ஏறின கதை சொல்றார், நடுவுல தெலுங்கு வேற, எனக்குப் பாதி புரியல. நேந்துவிட்ட கிடாங்களும் சேவலுங்களும் ஒரு பக்கம் கட்டிக் கிடந்துச்சு. ராத்திரி வெட்டுறப்போ நான் அந்தப் பக்கமே போகல, அக்கா வீட்டுத் திண்ணைல அவங்க அவ்வாவோட (பாட்டிய அப்படித்தான் கூப்பிடுவாங்க) உக்காந்துட்டேன். சமையல மட்டும் போய்ப் பாத்தேன், அத பாக்காம விட்டிருந்தா வருத்தப்பட்டிருப்பேன். வரிசையா விறகடுப்பு, ஒவ்வொண்ணுலயும் ஆள் உள்ள இறங்கி நிக்கற அளவு அண்டா, சுத்தி ஹோட்டல் மாஸ்டருங்க. தினமும் கடைல நின்னு சமைக்கறவங்க இங்க வந்து கூலி இல்லாம விடிய விடிய சமைக்கறாங்க. வெங்காயம் வதங்குற வாசம், பட்டை கிராம்பு, புதினா, புகை, பனி, எல்லாம் ஒண்ணா கலந்து வந்துச்சு. அந்த நேரத்துக்கு எனக்குப் பசிச்சுது, நிஜமாவே பசிச்சுது. கறிக்கடை சந்து ஞாபகமே வரல.

விடியறதுக்கு முன்னாடியே சாமிக்குப் படையல் போட்டுட்டு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. குண்டான், தூக்குவாளி, பிளாஸ்டிக் வாளின்னு கையில கிடைச்சத எடுத்துக்கிட்டு சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வரிசைல நிக்குது, நீ எந்த ஊரு என்ன ஆளுன்னு ஒருத்தரும் கேக்கல. அக்கா எனக்கும் ஒரு தட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. வாங்கிட்டு வந்து எதுவும் சொல்லல, திண்ணைல வச்சுட்டு அவங்க பாட்டுக்கு சாப்பிட உக்காந்துட்டாங்க. அவ்வாதான் சொன்னாங்க, "சாமி சோறு தாயி, ரெண்டு வாய் எடுத்துக்க, பிடிக்கலன்னா வச்சுரு, யாரு கேக்கப் போறா."

இங்கதான் நான் வளந்த விதம் என்னைய மாட்டிவிட்டுது. பிரசாதம்னா ரெண்டு கையாலயும் வாங்கணும், கண்ல ஒத்திக்கணும், ஒரு பருக்கை கீழ விழக்கூடாது, வேணாம்னு மட்டும் சொல்லவே கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லி சொல்லி வளத்தது. தட்ட கையில எடுத்ததும் பழக்க தோஷத்துல கண்ல ஒத்திக்கிட்டேன், ஒத்திக்கிட்டப்புறம்தான் உள்ள இருக்கறது கறின்னு உறைச்சுது, அக்கா சிரிச்ச சிரிப்புல அவங்களுக்குப் புரையேறிடுச்சு. சரின்னு ஒரு துண்டு எடுத்து வாயில போட்டேன்.

நல்லா இருந்துச்சு, சூடா, காரமா, நெய்யோட. ஆனா உண்மைய சொல்லணும்னா எனக்குத் தெரிஞ்சது பிரியாணிதான், ஆடு இல்ல. சிக்கன் பல்லு பட்டதும் பிரிஞ்சுடும், இது கொஞ்சம் யோசிச்சுட்டு பிரிஞ்சுது, நார் நாரா வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். எலும்போட ஒரு துண்டு வந்துச்சு, அத எப்படி பிடிக்கறது எங்க கடிக்கறதுன்னு தெரியல, அக்கா பையன் ஏழாவது படிக்கறான், அவன் டெமோ காட்டினான். இத்தனை வருஷமா இதுக்கா இலைய மறைச்சேன்னு தோணுச்சு. சப்புனு ஆயிடுச்சுன்னு கூட சொல்லலாம், ஏதோ பெரிய எல்லைய தாண்டப் போறோம்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு போனா, அந்தப் பக்கமும் பட்டை கிராம்பு வாசம்தான்.

அம்மாகிட்ட மறைக்கல, மத்தியானமே போன் பண்ணி சொல்லிட்டேன். கோயில் பிரசாதம்மான்னேன். எந்தக் கோயில்னாங்க. முனியாண்டி கோயில்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "துன்னூறு பூசிக்கிட்டியா?"ன்னு கேட்டாங்க. பூசிக்கிட்டேம்மான்னேன். "சரி, மோர் குடி, சூட்டு உடம்பு"ன்னு வச்சுட்டாங்க. இதுக்காடா இத்தனை நாள் பயந்தோம்னு இருந்துச்சு.

இடையில ஒரு விஷயம். கிடாவெட்டு பத்தி படிச்சப்போதான் தெரிஞ்சுது, கோயில்ல ஆடு கோழி பலி குடுக்கக்கூடாதுன்னு 1950லயே இங்க ஒரு சட்டம் இருந்திருக்கு. யாரும் அத பெருசா கண்டுக்காம இருந்தாங்க, 2003ல ஜெயலலிதா ஆட்சில திடீர்னு கறாரா அமல்படுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு, கிராமத்துப் பக்கம் பயங்கர கோவம், எங்க சாமிக்கு என்ன படைக்கணும்னு நீங்க யாரு சொல்றதுன்னு. அடுத்த வருஷமே, 2004ல, சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க. அவ்வாகிட்ட இத கேட்டேன், "சாமி கேக்குது, நாங்க குடுக்கறோம், நடுவுல கவுருமெண்டுக்கு என்ன வேலை"ன்னாங்க. எனக்கு வெட்டுறத நின்னு பாக்கற தைரியம் இன்னிக்கும் இல்ல, ஆனா கண்ணு முன்னாடி நேந்துவிட்டு வளத்து, வெட்டி, ஊருக்கே பங்கு போட்டு சாப்பிடறதுல ஒரு நேர்மை இருக்குன்னு நினைக்கறேன், பாக்கெட்ல வாங்கி பாக்காத மாதிரி சாப்பிட்ட எனக்கு அதப் பத்தி குறை சொல்ல வாய் கிடையாது.

சரி மேட்டருக்கு வரேன். ஆடுன்னா என்ன ருசின்னு எனக்குத் தெரிஞ்சது அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, அக்காவோட மதுரை வீட்ல. அவங்க அம்மா எலும்பு ரசமும் உப்புக்கறியும் பண்ணிருந்தாங்க. உப்புக்கறில என்ன போட்டாங்கன்னு கூடவே நின்னு பாத்தேன், ஏன்னா எனக்கு நம்பிக்கை வரல. நல்லெண்ணெய், உரிச்ச சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளாத வரமிளகாய், கருவேப்பிலை, மஞ்சள், கல்லுப்பு, பொடிசா வெட்டின கறி. அவ்வளவுதான். மல்லித்தூள் இல்ல, கரம் மசாலா இல்ல, இஞ்சி கூட இல்ல. அந்தக் கறிலருந்தே தண்ணி விட்டு, அந்தத் தண்ணிலயே வெந்து, தண்ணி வத்தி எண்ணெய் மேல வர்ற வரைக்கும் அடுப்ப சிம்ல வச்சு கிண்டிக்கிட்டே இருந்தாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, நடுவுல ஒரு சீரியல் எபிசோட் முழுசா ஓடி முடிஞ்சுது.

அத வெறும் சோத்துல பிசைஞ்சு ஒரு வாய் வச்சதும்தான் ஓ இதுவான்னு இருந்துச்சு. கொஞ்சம் இனிப்பா, கொஞ்சம் மண்ணு மாதிரி, ரத்தம் பட்ட மாதிரி லேசா ஒரு இரும்பு ருசி, கூடவே அந்த வாடை. ஆமா, சின்ன வயசுல மூக்கப் பொத்திக்கிட்டு ஓடினேனே அதே வாடைதான், ஆனா வெந்து, எண்ணெயோட சேந்து, வெங்காயத்தோட இனிப்போட வர்றப்போ அது வாடையா தெரியல, வாசமா தெரிஞ்சுது. எலும்பு ரசத்துல இன்னும் நல்லாத் தெரிஞ்சுது, மிளகு சீரகம் தட்டிப்போட்டு தண்ணியா இருந்துச்சு, குடிச்சா உதடு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அந்த வீட்ல நான் மூணாவது தடவை சோறு கேட்டேன். அக்கா அம்மா ஒண்ணும் சொல்லாம கறிச்சட்டிலயே சோத்தப் போட்டுப் பிரட்டி எனக்குக் குடுத்தாங்க, சட்டிச் சோறுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அதனாலதான் தலைப்புல அப்படி எழுதினேன். மட்டன் புதுசா ட்ரை பண்றேன்னு யாராவது சொன்னா எல்லாரும் முதல்ல பிரியாணிக்குத்தான் இழுத்துட்டுப் போவாங்க, வாடை தெரியாதுன்னு. வாடை தெரியாதுன்னா ருசியும்தானே தெரியாது? என்னைக் கேட்டா முதல்ல எலும்பு ரசம், அப்புறம் உப்புக்கறி. அது பிடிக்கலன்னா உங்களுக்கு ஆட்டுக்கறி பிடிக்கலன்னு அர்த்தம், தாராளமா விட்டுடலாம், பிரியாணி சாப்பிட்டுட்டு எனக்கு மட்டன் பிடிக்கும்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். (திண்டுக்கல்காரங்க சண்டைக்கு வரலாம், சீரக சம்பா பிரியாணி ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்து சண்டை போடுங்க.)

அந்த வாடை எங்கருந்து வருதுன்னு தேடினேன், ஏன்னா ஒரு கடைல வாங்கினா இருக்கு இன்னொரு கடைல இல்ல. எல்லாம் கொழுப்புல இருக்கற சமாச்சாரம். ஆட்டுக் கொழுப்புல சில கொழுப்பு அமிலம் இருக்கு, மாட்டுலயோ கோழிலயோ அது இந்த அளவுக்கு வராது, வயசான, காயடிக்காத கிடாவுல ரொம்ப அதிகம். அதனாலதான் காயடிச்ச கிடா, இல்லன்னா இளங்கிடான்னு கேட்டு வாங்குறாங்க. இன்னொண்ணு, வெள்ளாட்டுக் கறில நடுநடுவுல கொழுப்பு ஓடாது, இருக்கற கொழுப்பெல்லாம் வயித்துக்குள்ள, குண்டிக்காய சுத்திதான் இருக்கும். அதனால அவசரப்பட்டு பெரிய தீயில வச்சா ரப்பர் ஆயிடும். எலும்பு பக்கத்துல இருக்கற ஜவ்வு எல்லாம் நிதானமா சூடு ஏறி கரையணும், அது கரைஞ்சு இறங்கினதுதான் எனக்கு அன்னிக்கு உதட்டுல ஒட்டினது. அக்கா அம்மாவுக்கு இந்த விளக்கம் எதுவும் தெரியாது, சீரியல் முடியட்டும்னு மட்டும் தெரியும்.

ஜிம்முக்குப் போற தம்பி ஒருத்தன் மட்டன்னா கொழுப்பு, நான் சிக்கன் மட்டும்தான்னு ஆபீஸ்ல பீத்திக்குவான். வெள்ளாட்டுக் கறி வெந்தது 100 கிராம் எடுத்தா 143 கலோரிதான், புரோட்டீன் 27 கிராம், கொழுப்பு 3 கிராம். தோலோட வறுத்த சிக்கன்ல கொழுப்பு இத விட ரொம்ப அதிகம். இரும்புச்சத்து வேற 3.7 மில்லிகிராம் இருக்கு. ஆனா நாம யாரு வெந்தத மட்டும் சாப்பிடறோம், அதுல ஊத்துற எண்ணெய யாரும் கணக்குல சேக்கறதில்ல, அந்தத் தம்பிகிட்ட இத மட்டும் நான் சொல்லல.

இப்போ நானே கறிக்கடைக்குப் போறேன். முதல்ல அக்கா கூட வந்தாங்க, என்ன கேக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. தொங்குறதுல வால் இருக்கான்னு பாக்கணும். வெள்ளாட்டு வால் குட்டையா மேல தூக்கி நிக்கும், செம்மறி வால் தொங்கும், அதுக்காகவே கடைக்காரங்க வால வெட்டாம விட்டு வச்சிருப்பாங்க. செம்மறியும் கெட்ட கறி இல்ல, கொழுப்பு கூட, அது பிடிக்கறவங்க நிறைய பேர், ஆனா வெள்ளாட்டு விலை குடுத்துட்டு செம்மறி வாங்கக் கூடாது. உரிச்சப்புறம் பத்து பன்னெண்டு கிலோ தேறுற ஆடா இருந்தா இளசு, தொடை பெருசா தொங்குச்சுன்னா முத்தல்னு சொன்னாங்க. குழம்புக்குன்னா நெஞ்செலும்பும் முன்னங்காலும் கலந்து போடச் சொல்லணும், சுக்காவுக்குன்னா தொடை, சூப்புக்குன்னா நல்லி எலும்பு தட்டி வாங்கணும். கடைக்காரர்கிட்ட "நல்ல கறியா போடுங்கண்ணே"ன்னு சொன்னா அவரு நம்மள புதுசுன்னு கண்டுபிடிச்சுடுவாரு, எதுக்கு வேணும்னு சொல்லணும், மீதிய அவரே பாத்துக்குவாரு.

விலைதான் கண்ணக் கட்டுது. தீபாவளி சமயத்துல இன்னும் மேல, சிக்கன் விலைய நினைச்சா கால் கிலோ வாங்கவே கை நடுங்கும். புரட்டாசில மட்டும் கடை காத்து வாங்கும், முடிஞ்ச முதல் ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கே க்யூ நிக்கும். காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், திருவள்ளுவர் தினம் எல்லாம் கறிக்கடை லீவுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது, இதுக்கு முன்னாடி அந்த போர்ட நான் ஏன் படிக்கப் போறேன்.

தஞ்சாவூர் போனா பழையபடி சாம்பார், ரசம், வாழைக்காய் பொரியல்தான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. அந்தத் தெருவுல இப்பவும் ரெண்டு மூணு ஆடு திரியுது, பழத்தோல் இருந்தா போடுறேன், அது பாட்டுக்கு வந்து திங்குது, எனக்கு ஏதோ குற்ற உணர்ச்சி வரும்னு நினைச்சேன், வரல, வரலியேன்னு கொஞ்சம் யோசனையா இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஈரல் பழகிட்டேன், மிளகு போட்டு வறுத்தா பிரமாதம். சுவரொட்டி ஒருதடவை சாப்பிட்டேன், ரத்தம் ஊறும்னு அக்கா அம்மா வலுக்கட்டாயமா குடுத்தது, சுட்டுத் தந்தாங்க, பரவால்ல. குடல் குழம்புல குழம்ப மட்டும் ஊத்திக்கறேன், குடல தொடல, அத கழுவுறத பாத்துட்டேன். தலைக்கறி அடுத்த மாசம் பண்றேன்னு சொல்லிருக்காங்க. மூளைய தனியா எடுத்து முட்டைல பொடிமாஸ் போடுவாங்களாம், எனக்குத் தெரியாம தட்டுல வைக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வச்சிருக்கேன்.